கழுத்தில் ஒரு சின்னக் குழாய்



அம்மாமார்களே, அக்காமார்களே, அண்ணன் தம்பிகளே!

பகல் முழுவதும் உழைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உடம்பு களைப்பாக இருக்கும். ஆனாலும் வந்துவிட்டீர்கள். அதற்கே முதலில் நன்றி சொல்ல வேண்டும்.

இன்று ஒரு சின்னக் குழாயைப் பற்றிப் பேசுவோம். பென்சிலை விட ஒல்லியான குழாய். கழுத்தில் ஆபரேஷன் செய்தவர்கள் சிலருக்கு அதைப் போட்டிருப்பார்கள். குழாயின் ஒரு முனை கழுத்துக்குள் இருக்கும். மறு முனையில் ஒரு சின்ன டப்பா தொங்கும். டப்பாவில் ரத்தம் சேர்ந்திருக்கும்.

அதைப் பார்த்தால் நமக்குப் பயம் வரும். "ஐயோ, இவ்வளவு ரத்தம் போகுதே!" என்போம். இன்னொருவருக்கு அந்தக் குழாய் இருக்காது. அப்போதும் பயம் வரும். "நமக்கு மட்டும் ஏன் போடவில்லை?" என்போம்.

போட்டாலும் பயம். போடாவிட்டாலும் பயம். காரணம் என்ன? விஷயம் தெரியாததுதான். தெரிந்துகொண்டால் பயம் குறையும். கவனம் கூடும். நமக்கு வேண்டியது கவனம்தான்.

தைராய்டு என்பது என்ன?

உங்கள் கழுத்தின் முன்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். குரல்வளை தட்டுப்படும். அதற்குச் சற்றுக் கீழே ஒரு சுரப்பி இருக்கிறது. இறக்கை விரித்த பட்டாம்பூச்சி போல இருக்கும். அதன் பெயர் தைராய்டு சுரப்பி.

சுரப்பி சின்னது. வேலை பெரியது. உடம்பு எவ்வளவு வேகமாக வேலை செய்ய வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. அடுப்பில் தீயைக் கூட்டுவதும் குறைப்பதும் போன்ற வேலை அது. தீ குறைந்தால் சோர்வு வரும். உடம்பு பெருக்கும். குளிர் தாங்காது. தீ கூடினால் படபடப்பு வரும். உடம்பு இளைக்கும். வியர்த்துக் கொட்டும்.

இந்தச் சுரப்பிக்கு அயோடின் என்ற சத்து வேண்டும். மிகச் சிறிதளவு போதும். அயோடின் போதாவிட்டால் சுரப்பி வீங்கும். கழுத்தில் கழலை வரும்.

இமயமலை அடிவாரத்தில் ஒரு காலத்தில் ஊர் ஊராகக் கழலை இருந்தது. மழையும் ஆறும் அங்கே மண்ணில் உள்ள அயோடினை அடித்துக்கொண்டு போய்விடும். அங்கே காங்ரா பள்ளத்தாக்கு என்று ஒரு பகுதி இருக்கிறது. இன்று அது இமாசலப் பிரதேசத்தில் உள்ளது. 1956-இல் டாக்டர் ராமலிங்கசாமியும் அவரோடு இருந்தவர்களும் அங்கே ஓர் ஆய்வு தொடங்கினார்கள். சில பகுதி மக்களுக்கு அயோடின் சேர்த்த உப்பு கொடுத்தார்கள். ஒரு பகுதியில் சாதாரண உப்பே இருந்தது. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தார்கள். அயோடின் உப்பு சாப்பிட்ட இடங்களில் கழலை நன்றாகக் குறைந்திருந்தது. சாதாரண உப்பு சாப்பிட்ட இடத்தில் அப்படிக் குறையவில்லை.

1962-இல் நாடு முழுவதற்குமான கழலை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. இன்று கடையில் உப்புப் பொட்டலத்தின்மேல் "அயோடின் கலந்தது" என்று போட்டிருக்கிறது அல்லவா? அதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. வாங்கும்போது அதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

எல்லாக் கழலையும் உப்பால் வருவது இல்லை. அயோடின் உப்பு சாப்பிடுகிறவர்களுக்கும் கழலை வரலாம். சிலருக்குக் கட்டி வரும். சிலருக்குப் புற்றுநோய் வரும். சிலருக்கு மருந்தே போதும். சிலருக்கு ஒன்றும் செய்யத் தேவை இல்லை. மூச்சுக்குழாயை அழுத்தினாலோ, புற்றுநோய் என்ற சந்தேகம் வந்தாலோ, மருந்துக்கு அடங்காவிட்டாலோ ஆபரேஷன் செய்வார்கள்.

பயந்த காலம் ஒன்று

ஒரு காலத்தில் இந்த ஆபரேஷன் என்றால் டாக்டர்களே நடுங்கினார்கள். தைராய்டு சுரப்பிக்கு ரத்த ஓட்டம் மிக அதிகம். வெட்டினால் ரத்தம் பாயும். பலர் ரத்தம் போயே இறந்தார்கள்.

சுவிட்சர்லாந்து நாட்டில் கோகர் என்று ஒரு டாக்டர் இருந்தார். அவர் அவசரப்படாமல் வேலை செய்தார். ஒவ்வொரு ரத்தக் குழாயாகத் தேடிக் கட்டினார். கருவிகளையும் கைகளையும் சுத்தமாக வைத்துக்கொண்டார். அவர் கையால் ஆயிரக்கணக்கான தைராய்டு ஆபரேஷன்கள் நடந்தன. கடைசியில் 100 பேருக்கு ஆபரேஷன் செய்தால் ஒருவர்கூட இறப்பதில்லை என்ற நிலை வந்தது. 1909-இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இன்று இந்த ஆபரேஷன் நம் நாட்டில் பல அரசு மருத்துவமனைகளிலும் நடக்கிறது. பெரும்பாலானவர்கள் நலமாக வீடு திரும்புகிறார்கள். ஆனால் முதல் நாள் மட்டும் கண் விழித்துப் பார்க்க வேண்டிய நாள். ஏன் என்று சொல்கிறேன் என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டாம். ஒரு குடும்பத்தின் கதையாகவே பார்ப்போம்.

எட்டாம் நம்பர் கட்டில்

பெங்களூரில் ஒரு தமிழ்க் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மாமியார் மார்க்கெட்டில் பூக் கட்டி விற்கிறவர். கழுத்தில் ஒரு கட்டி. சுரப்பியில் ஒரு பாதியை எடுத்துவிட்டார்கள். துணைக்கு மருமகள் இருந்தாள். அவள் இரவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவள். தமிழ் படிப்பாள். சுவரில் இருந்த கன்னடப் பலகையைப் படிக்க வராது. ஆனால் எண்கள் தெரியும். எண்ணுக்கு மொழி இல்லை அல்லவா?

மாமியாருக்கு எட்டாம் நம்பர் கட்டில். ஏழாம் நம்பர் கட்டிலில் ஒரு கன்னட அம்மா. அவருக்குப் பல வருடத்துக் கழலை. பெரிய கழலை. சுரப்பி முழுவதையும் எடுத்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஆபரேஷன். கன்னட அம்மாவின் கழுத்தில் குழாய் இருந்தது. டப்பா தொங்கியது. மாமியாருக்குக் குழாய் இல்லை. வெறும் கட்டு மட்டும்தான்.

மருமகளுக்கு மனசு கேட்கவில்லை. நர்ஸ் வந்ததும் கேட்டுவிட்டாள்.

"சிஸ்டர், அந்த அம்மாவுக்கு டியூப் வச்சிருக்காங்க. எங்க அத்தைக்கு ஏன் வைக்கல? நாங்க ஏதாச்சும் காசு கட்டணுமா?"

நர்ஸ் சிரித்தார். "காசுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. உங்க அத்தைக்குச் சின்னக் கட்டி. உள்ளே ரத்தம் நின்னதைப் பார்த்துட்டுத்தான் தையல் போட்டாங்க. டியூப் தேவைப்படல. அவங்களுக்குப் பெரிய கழலை. எடுத்த இடம் பெரிய பள்ளம். அதனால வச்சிருக்காங்க."

"டியூப் இருந்தா நல்லதுதானே சிஸ்டர்? ரத்தம் வெளியே வந்திடும்ல?"

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. டியூப் இருந்தாலும் இல்லாட்டியும் கழுத்தைத்தான் பார்க்கணும். வீங்குதா, மூச்சு நல்லா வருதா, அதைப் பாரு. ஏதாச்சும் மாறினா உடனே என்னைக் கூப்பிடு."

இந்த ஒரு பேச்சு அன்று இரவு ஓர் உயிரைக் காப்பாற்றியது.

மாறாமல் நின்ற எண்

அந்த டப்பாவின்மேல் கோடுகள் இருந்தன. கோடுகளுக்குப் பக்கத்தில் எண்கள். மில்லி அளவு. மருமகளுக்கு எண்ணைக் கண்டால் படிக்காமல் இருக்க முடியாது. புதிதாகக் கற்றவர்களுக்கு அது ஒரு பழக்கம். பஸ் நம்பரைப் படிப்போம். கடைப் பலகையைப் படிப்போம். அவள் டப்பாவைப் படித்தாள்.

மாலை 5 மணிக்கு 20 மில்லி. 7 மணிக்கு 35 மில்லி. 9 மணிக்கும் 35 மில்லி.

கன்னட அம்மாவுக்குத் துணையாக அவருடைய தம்பி மகன் இருந்தான். அவனும் பார்த்தான். "ரத்தம் நின்னுடுச்சு அக்கா. இனிமே கவலை இல்லை" என்றான். தரையில் துண்டை விரித்துப் படுத்தான். பாவம், இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

மருமகளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் கன்னட அம்மா புரண்டுகொண்டே இருந்தார். படுக்க மாட்டேன் என்று எழுந்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தால் விழுங்க முடியவில்லை. கட்டு இறுக்குகிறது என்று கையால் இழுத்தார். குரல் மாறியிருந்தது. மருமகள் லைட் வெளிச்சத்தில் கழுத்தைப் பார்த்தாள். மாலையில் தட்டையாக இருந்த இடம் இப்போது உப்பியிருந்தது.

டப்பாவில் எண் ஏறவில்லை. ஆனால் கழுத்து ஏறியிருக்கிறது!

அவள் யோசிக்கவில்லை. ஓடினாள். "சிஸ்டர், ஏழாம் நம்பர் அம்மாவுக்குக் கழுத்து வீங்குது! மூச்சு விடக் கஷ்டப்படுறாங்க!"

நர்ஸ் ஓடி வந்தார். டாக்டரும் ஓடி வந்தார். கட்டிலிலேயே வைத்துத் தையலைப் பிரித்தார்கள். உள்ளே உறைந்து கிடந்த ரத்தக் கட்டியை வெளியே எடுத்தார்கள். கன்னட அம்மா நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போனார்கள். உள்ளே ஒரு சின்ன ரத்தக் குழாய் திறந்துகொண்டிருந்தது. அதைக் கட்டினார்கள்.

சில நாட்களில் இரண்டு பேரும் வீட்டுக்குப் போனார்கள். போகும்போது கன்னட அம்மா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். கன்னடத்தில் ஏதோ சொன்னார். பாதி புரிந்தது. பாதி கண்ணீரில் புரிந்தது.

என்ன நடந்தது?

இதைக் கொஞ்சம் ஆராய்வோம்.

நாற்று நட்ட வயலில் மழை பெய்தால் என்ன செய்வோம்? தண்ணீர் தேங்கினால் நாற்று அழுகும். வரப்பில் ஒரு வாய் வெட்டிவிடுவோம். தண்ணீர் மெல்ல வடியும். அதுதான் வடிகால்.

கழுத்தில் வைக்கும் குழாயும் வடிகால்தான். ஆபரேஷன் செய்த இடத்தில் கொஞ்சம் ரத்தமும் நீரும் கசியும். அது இயற்கை. குழாய் அதை வெளியே கொண்டு வரும். டப்பாவை அமுக்கி மூடி வைத்திருப்பார்கள். அது விரியப் பார்க்கும். விரியும்போது உள்ளே இருக்கும் நீரை இழுக்கும்.

ஆனால் ஏரிக் கரை உடைந்தால்? அந்த வெள்ளத்தை வரப்பில் வெட்டிய வாய் தாங்குமா? தாங்காது. ரத்தக் குழாய் திறந்துகொண்டால் அப்படித்தான். ரத்தம் வேகமாக வரும். வந்த ரத்தம் உறையும். உறைந்த ரத்தம் குழாயின் ஓட்டைகளை அடைக்கும். வாய்க்காலில் சேறு அடைத்தது போல. அப்புறம் டப்பாவில் ஒரு சொட்டும் ஏறாது. வெளியே பார்த்தால் ரத்தம் நின்றது போல இருக்கும். உள்ளே ரத்தம் சேர்ந்துகொண்டே இருக்கும்.

கழுத்து குறுகிய இடம். அங்கே ரத்தம் சேர்ந்தால் மூச்சுப் பாதை நெருக்குண்டு வீங்கும். மூச்சு திணறும். நிமிடக் கணக்கில் உயிருக்கு ஆபத்து வரும்.

இது அடிக்கடி நடப்பது இல்லை. 100 பேருக்கு ஆபரேஷன் செய்தால் ஒருவருக்கோ இருவருக்கோ நடக்கலாம். நடந்தால் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் நடக்கும். அதிலும் முதல் 6 மணி நேரம் முக்கியமான நேரம். அதனால்தான் முதல் நாள் இரவு கண் விழித்துப் பார்க்க வேண்டிய இரவு என்கிறோம்.

குழாய் வேண்டுமா, வேண்டாமா?

முன்பெல்லாம் தைராய்டு ஆபரேஷன் செய்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் குழாய் வைத்தார்கள். வைப்பது வழக்கம். ஏன் என்று யாரும் அதிகம் கேட்கவில்லை. பிறகு சில டாக்டர்கள் கேட்டார்கள். "இதனால் உண்மையிலேயே பயன் இருக்கிறதா?"

எப்படிக் கண்டுபிடிப்பது? விவசாயிகள் புது விதையை எப்படிச் சோதிப்பார்கள்? ஒரே வயலில் ஒரு பாத்தியில் புது விதை. பக்கத்துப் பாத்தியில் பழைய விதை. அறுவடையில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். டாக்டர்களும் அப்படிச் செய்தார்கள். சீட்டுப் போட்டது போல நோயாளிகளைப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்குக் குழாய் வைத்தார்கள். மறு பகுதியினருக்கு வைக்கவில்லை.

பல நாடுகளில் இப்படி ஆய்வுகள் நடந்தன. காக்ரேன் என்பது மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் ஓர் அமைப்பு. 2007-இல் அது 13 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. அவற்றில் 1,646 நோயாளிகள் இருந்தார்கள். என்ன தெரிந்தது?

குழாய் வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். மூச்சுத் திணறல் வந்தவர்களும் இரண்டு பக்கமும் இருந்தார்கள். ஆனால் குழாய் வைத்தவர்கள் ஏறத்தாழ ஒரு நாள் கூடுதலாக மருத்துவமனையில் இருந்தார்கள்.

ஒரு நாள் என்றால் நமக்குச் சின்ன விஷயமா? கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி. துணைக்கு இருப்பவருக்கும் ஒரு நாள் கூலி. வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு பொங்க ஆள் இல்லை. அதனால் தேவை இல்லாதவருக்குக் குழாய் வைக்காமல் இருப்பதும் நல்ல வைத்தியம்தான்.

அப்படியானால் குழாயே வேண்டாமா? அப்படியும் இல்லை. சிலருக்கு வைப்பார்கள். கழலை மிகப் பெரிதாக இருந்தால் வைக்கலாம். கழலை நெஞ்சுக்குள் இறங்கியிருந்தால் வைக்கலாம். புற்றுநோய்க்காகக் கழுத்தின் நெறிகட்டிகளையும் சேர்த்து எடுத்திருந்தால் வைப்பார்கள். ரத்தம் எளிதில் உறையாதவர்களுக்கு வைக்கலாம். இதைத் தீர்மானிப்பது ஆபரேஷன் செய்யும் டாக்டர்.

நாம் செய்ய வேண்டியது கேட்பது. ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள். "டாக்டர், குழாய் வைப்பீங்களா? எத்தனை நாள் இருக்கும்?" கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. அது நம் உரிமை.

இன்னொன்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இதய நோய்க்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? முன்பே சொல்லிவிடுங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டாலும் சொல்லுங்கள். மறைக்க வேண்டாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

குழாய் இருந்தால்

குழாயை இழுக்கக் கூடாது. புரண்டு படுக்கும்போது மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டப்பாவைச் சட்டையிலோ ஜாக்கெட்டிலோ ஊக்கு குத்தி மாட்டுவார்கள். ஊக்கைக் குழாயில் குத்திவிடக் கூடாது.

டப்பா கழுத்துக்குக் கீழே இருக்க வேண்டும். குழாய் மடங்கக் கூடாது. உடம்புக்கு அடியில் நசுங்கக் கூடாது.

டப்பா அமுங்கிய நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். காற்று புகுந்து முழுவதும் விரிந்திருந்தால் அது இழுக்காது. நர்சிடம் சொல்லுங்கள். நீங்களாகத் திறக்க வேண்டாம்.

எத்தனை மில்லி என்று எழுதி வையுங்கள். மணியையும் எழுதுங்கள். ஒரு துண்டுக் காகிதம் போதும்.

நிறத்தைப் பாருங்கள். முதலில் சிவப்பாக இருக்கும். பிறகு இளஞ்சிவப்பாகும். பிறகு வெளிர் மஞ்சளாகும். இது நல்லது. திடீரென்று சிவந்த ரத்தம் நிறைய வந்தால் உடனே சொல்லுங்கள். பால் போல வெள்ளையாக வந்தாலும் சொல்லுங்கள். சீழ் நாற்றம் அடித்தாலும் சொல்லுங்கள்.

பெரும்பாலும் ஒன்று இரண்டு நாளில் குழாயை எடுத்துவிடுவார்கள். 24 மணி நேரத்தில் 25, 30 மில்லிக்குக் கீழே வந்தால் பல மருத்துவமனைகளில் எடுப்பார்கள். எடுக்கும்போது சுருக்கென்று இருக்கும். சில நொடிதான். அந்தச் சின்னத் துளை தானாக மூடிக்கொள்ளும்.

குழாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும்

இதை மட்டும் மறக்க வேண்டாம். கீழே சொல்வதில் ஒன்று தெரிந்தாலும் உடனே நர்சைக் கூப்பிட வேண்டும். காலையில் சொல்லலாம் என்று இருக்கக் கூடாது.

கழுத்து வீங்குகிறது.
கழுத்து இறுக்குகிறது என்கிறார்.
மூச்சு விடச் சிரமப்படுகிறார். மூச்சில் சத்தம் வருகிறது.
எச்சில் விழுங்க முடியவில்லை.
படுக்க முடியாமல் எழுந்து உட்காருகிறார். காரணம் இல்லாமல் தவிக்கிறார்.
கட்டு நனைந்து ரத்தம் கசிகிறது.

கட்டைப் போர்வையால் மூட வேண்டாம். கழுத்து கண்ணில் படும்படி இருக்கட்டும். தலைப்பக்கம் உயர்த்திப் படுக்க வையுங்கள். பலமாக இருமவோ முக்கவோ விட வேண்டாம். இருமலோ வாந்தியோ இருந்தால் நர்சிடம் சொல்லுங்கள். மருந்து கொடுப்பார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

வீட்டுக்கு வந்த பிறகும் கழுத்து வீங்கினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108-க்குப் போன் செய்யலாம். புண் சிவந்து, காய்ச்சல் வந்து, சீழ் வந்தாலும் போய்க் காட்ட வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம் உண்டு.

தைராய்டுக்குப் பின்பக்கம் அரிசி மணி போல நான்கு சின்னச் சுரப்பிகள் உண்டு. அவை உடம்பின் சுண்ணாம்புச் சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு அவை சில நாள் சோர்ந்துபோகும். அப்போது உதட்டைச் சுற்றி மரமரப்பு வரும். விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல இருக்கும். கை கால் இழுத்துக்கொள்ளும். இதைக் காற்று என்றோ தோஷம் என்றோ நினைக்க வேண்டாம். உடனே டாக்டரிடம் போக வேண்டும். கால்சியம் கொடுப்பார்கள். சரியாகும்.

அடுத்தது மாத்திரை. சுரப்பி முழுவதையும் எடுத்திருந்தால் அந்தச் சத்தை மாத்திரையாகத் தினமும் சாப்பிட வேண்டும். ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். இதையும் கோகர் டாக்டர்தான் தன் நோயாளிகளிடம் கண்டார். சுரப்பி முழுவதையும் எடுத்தவர்கள் சில மாதத்தில் மந்தமாகிப் போனார்கள். அவர்களுக்குக் கொடுக்க அன்று மாத்திரை இல்லை. இன்று இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட வேண்டும். காப்பி, டீ குடிக்கக் குறைந்தது அரை மணி நேரமாவது ஆக வேண்டும். கால்சியம் மாத்திரையை அதோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். உடம்பு நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. மாத்திரை சாப்பிடுவதால்தான் நன்றாக இருக்கிறது.

குரல் கொஞ்ச நாள் கம்மியிருக்கலாம். பெரும்பாலும் தேறிவிடும். தேறாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

படிப்பு எதற்கு?

அன்பானவர்களே! "இந்த வயதில் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று உங்களைக் கேட்டிருப்பார்கள். அந்த மருமகளையும் கேட்டிருப்பார்கள். மாமியாரே கேட்டிருக்கலாம்.

அவள் பெரிய படிப்பு படிக்கவில்லை. 20 என்று படித்தாள். 35 என்று படித்தாள். மறுபடியும் 35 என்று படித்தாள். எண்ணோடு நிற்கவில்லை. முகத்தையும் பார்த்தாள். கழுத்தையும் பார்த்தாள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று கண்டாள். சொல்லவும் துணிந்தாள்.

படிப்பது, பார்ப்பது, கேட்பது, சொல்வது. இந்த நான்கும் சேர்ந்ததுதான் அறிவு.

குழாய் ஒரு வடிகால். அது காவல்காரன் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் விழித்திருப்பவர்தான் காவல்காரர். நாளைக்கு அந்த இடத்தில் நீங்கள் இருக்கலாம். உங்கள் அம்மாவுக்காக இருக்கலாம். பெயர் தெரியாத பக்கத்துக் கட்டில்காரருக்காகவும் இருக்கலாம்.



பேசிப் பார்ப்போம்

1. டப்பாவில் ரத்தம் ஏறவில்லை. ஆனாலும் ஏழாம் நம்பர் அம்மாவுக்கு ஆபத்து வந்தது. ஏன்?
2. உங்கள் வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் டாக்டரிடம் என்னென்ன கேட்பீர்கள்? மூன்று கேள்விகளை எழுதுங்கள்.
3. உங்கள் வீட்டு உப்புப் பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கிறது? படித்து வந்து வகுப்பில் சொல்லுங்கள்.